வெர்லினுக்கு இன்னும் முடிவாகவில்லை

கதவைத் தட்டியவரின் கையில் கவர்னர் டாலிவர் படம் போட்ட துண்டறிக்கை இருந்தது. கதவைத் திறந்த வெர்லின் ஹூகவீனின் இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு இருந்தது. இருவருக்கும் நடுவே வாசலில் ஒன்றரை அடிப் பனி இருந்தது.

"வணக்கம் சார். என் பேர் ராய்ஸ். ஃப்ளோரிடாவுல பல் டாக்டர். கவர்னருக்காக மூணு வாரம் லீவு போட்டுட்டு அயோவா வந்திருக்கேன். குடியரசுக் கட்சி காக்கஸ்ல யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

வெர்லின் அக்டோபர் மாதமே முடிவு பண்ணிவிட்டார்.

காக்கஸ் கூட்டத்தில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடும் மூன்று பேரையும் மனசுக்குள் தராசில் போட்டு நிறுத்தியாயிற்று. கவர்னர் டாலிவர் கெட்டிக்கார நிர்வாகி, ஆனால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிற ஆசாமி. தொழிலதிபர் ரென்ஷா மேடையேறினால் அமர்க்களம்தான், ஆனால் மூன்றாவது மனைவியோடு மேடையேறுகிறார். அவர் பெயரைக் கேட்டாலே வெர்லினின் மனைவி ஆர்லிஸ் காபிக் கோப்பையை நங்கென்று வைப்பாள். மிச்சம் செனட்டர் ஆல்டேன். அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வார். சோளம் விளைவித்து அதிலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கிற அயோவாவுக்கே வந்து, "எத்தனாலுக்கு அரசாங்கச் சலுகை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். சோளம் விதைத்த கைதான் என்றாலும், அந்தத் துணிச்சல் வெர்லினுக்குப் பிடித்திருந்தது.

"பண்ணிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தார்.

"பாதை பூரா பனி மூடிக் கிடக்கே சார்?" என்றார் ராய்ஸ், திரும்பிப் பார்த்து. "உங்களுக்குக் கால் வேற இப்படி. பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளி விடட்டுமா?"

திறந்த வாய் அப்படியே நின்றது.

சாலையிலிருந்து வீட்டுக்கு இருநூறடி தூரம். செவ்வாய்க்கிழமை எரிவாயு லாரி வர வேண்டும். வீட்டைச் சூடாக்கும் டாங்கியில் எட்டு சதவீதம்தான் பாக்கி. பாதை சுத்தமாக இல்லையென்றால் டிரைவர் சாலையிலேயே ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவான்.

பக்கத்துப் பண்ணை கெர்ரிட்டிடம் பனி தள்ளுகிற டிராக்டர் இருந்தது. ஒரு போன் போதும். ஆனால் கெர்ரிட்டின் மனைவி தினம் ஒரு மணி நேரம் அரிசோனாவிலிருக்கும் ஆர்லிஸோடு போனில் பேசுகிறவள். ஆர்லிஸ் அங்கே மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். ஒன்பது வருஷம் காத்திருந்து பிறந்த பேரக்குழந்தை. கிளம்பும்போது கணவனுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள்: "கிறிஸ்துமஸ் விளக்கைக் கழட்டறேன்னு கூரையில ஏறித் தொலைக்காத."

ஏறினார். விழுந்தார். வலது கால் நன்றாக இருந்ததால் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஆர்லிஸ் இங்கே இருப்பாள். குழந்தையை விட்டுவிட்டு வந்த கோபத்தோடு இருப்பாள்.

"இன்னும் முடிவு பண்ணலை" என்றார் வெர்லின். "ரொம்பக் குழப்பமா இருக்கு தம்பி. பனித்தள்ளி கொட்டகையில இருக்கு."

பல் டாக்டர், பல்லிடுக்கில் சுரண்டுகிறவர் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைச் சுரண்டினார். நாலு மணி நேரம் ஆனது. பாதை பளிச்.

இரவு பனி கொட்டியது. பாதை மறுபடி மூடிக்கொண்டது.

மறுநாள் காலை வந்தவள் டார்லா. டெக்ஸாஸில் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சட்டையில் செனட்டர் ஆல்டேன் படம் போட்ட பேட்ஜ் மின்னியது.

இது நம்ம ஆளாயிற்றே! ஆனால் உண்மையைச் சொன்னால் பத்தே நிமிஷத்தில் வாசலில் ஆல்டேன் பலகையை நட்டுவிடுவாள். ராய்ஸ் அதைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

"உங்க மனசு யார் பக்கம் வெர்லின்?"

"அதாம்மா தெரியலை" என்றார் தரையைப் பார்த்து. இருபத்திரண்டு வருஷம் சர்ச்சில் சபை மூப்பராக இருந்த மனிதர். பொய் மனசில் முள்ளாகக் குத்தியது.

"பரவாயில்லை, நிதானமா யோசிங்க. பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கே, நான் கழுவிடறேன்."

அதற்கு மறுநாள் லானி வந்தார். லூயிசியானாவில் நீச்சல் குளம் கட்டுகிறவர். தொழிலதிபர் ரென்ஷாவின் ஆள். மூக்கு நுனியில் பனித்துளி தொங்க, "பெரியவரே, இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். மத்தியானம் இறால் குழம்பு வைத்து இறக்கினார். வெர்லின் அறுபத்தெட்டு வருஷத்தில் அப்படிக் காரம் சாப்பிட்டதில்லை. கண்ணீர் விட்டபடி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. லாரி வரவில்லை. "நெடுஞ்சாலை மூடிட்டாங்க. சனிக்கிழமை வர்றோம்" என்றது போன். டாங்கியில் ஆறு சதவீதம்.

ஆக, சனிக்கிழமை வரை முடிவெடுக்கக் கூடாது.

"சரி சார், எதுதான் உங்களைத் தடுக்குது?" என்றார் ராய்ஸ், நான்காம் நாள் கையுறையைக் கழற்றியபடி. "ஒரே ஒரு சந்தேகம் சொல்லுங்க. தீர்த்து வைக்கிறேன்."

வெர்லின் ஜன்னல் வழியாகச் சோள வயலைப் பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னார். "எத்தனால். உங்க கவர்னர் அதுல உறுதியா நிப்பாரான்னு யோசனை."

அன்று மாலை டி.வி.யில் கவர்னர் டாலிவர் முழங்கினார். "வெஸ்ட்ஹோவன் ஊர் விவசாயி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்த எளிய மனிதரின் கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்: எத்தனால் சலுகை தொடரும்!"

வெஸ்ட்ஹோவன்தான் வெர்லினின் ஊர். ஆனால் கவர்னர் எப்போது தன் கண்ணைப் பார்த்தார் என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் தொழிலதிபர் ரென்ஷா ஒரு படி மேலே போனார். "எத்தனால் சலுகையை இரட்டிப்பாக்குவேன்! அந்த விவசாயி என் நண்பர்!"

டார்லா மட்டும் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள், "எங்க செனட்டர் மாத்திக்க மாட்டாராம். வெஸ்ட்ஹோவன் விவசாயிக்காகக் கூட மாட்டாராம்."

'சபாஷ்!' என்று கத்தத் தோன்றியது வெர்லினுக்கு. இருமி மறைத்தார்.

ஆனால் டி.வி. சபாஷ் போடவில்லை. "விவசாயியின் கேள்விக்கு ஆல்டேனிடம் பதில் இல்லை" என்றது. கருத்துக்கணிப்பில் செனட்டர் மூன்று புள்ளி சறுக்கினார்.

வெர்லின் அன்று சாப்பிடவில்லை. தன் பொய், தன் ஆளின் காலையே வாருகிறது! இதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும்.

"எத்தனால் சந்தேகம் தீர்ந்துபோச்சு" என்று மூன்று பேரிடமும் அறிவித்தார். "அதை இனி யாரும் பேச வேண்டாம். இப்ப என் கவலையெல்லாம் வரிதான்."

அன்று மாலைக்குள் கவர்னர் வரியைப் பத்து சதவீதம் குறைத்தார். ரென்ஷா இருபது குறைத்தார். "கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார் ஆல்டேன். மேலும் இரண்டு புள்ளி போயிற்று.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரியும் போட்டோகிராபரும் வந்து இறங்கினார்கள். அயோவாவிலேயே ஆழமாக யோசிக்கும் வாக்காளர் இவர்தான் என்று எழுதப் போகிறார்களாம்.

வெர்லின் அவசரமாகச் சமையலறை மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மாவுக்கட்டு தெரியாமலிருக்க, கைக்கு அகப்பட்ட கிறிஸ்துமஸ் விரிப்பைத் தரை வரை இழுத்து விட்டார்.

சனிக்கிழமை லாரிக்குப் பதில் ஆர்லிஸின் போன் வந்தது.

"பேப்பர்ல உன் மூஞ்சி வந்திருக்கு! ஜனவரி மாசத்துல கிறிஸ்துமஸ் விரிப்பு எதுக்கு வெர்லின்?"

"அழகா இருந்துச்சு."

"உனக்கு அழகு எப்பத்திலேர்ந்து தெரிய ஆரம்பிச்சுது? அது போகட்டும். நாம அக்டோபர்லயே ஆல்டேன்னு பேசி முடிக்கலையா?"

"மறுபடி ஒருதரம் யோசிக்கலாம்னு..."

"யாரை? அந்த மூணு பொண்டாட்டிக்காரனையா? இதோ பாரு, அந்த ஆளுக்குச் சீட்டெழுதிப் போட்டே, நான் அரிசோனாலேயே இருந்துடறேன்!"

"சேச்சே! குழந்தை எப்படி இருக்கா?"

ஆர்லிஸின் குரல் நெய்யாக உருகியது. "இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சா வெர்லின். இன்னும் நாலு நாள்தான் இருக்கு, அதுக்குள்ள கிளம்பணுமேன்னு இருக்கு."

வெர்லின் போனை வைத்தார். அந்த நாலு நாளுக்காக எந்தப் பொய்யையும் சுமக்கலாம் என்று தோன்றியது.

லாரி திங்கட்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளிப்போயிற்று. திங்கள் மாலை ஏழு மணிக்குத்தான் பள்ளிக்கூட ஹாலில் ஊர் கூடிச் சீட்டெழுதிப் போடும் காக்கஸ். டாங்கியில் நாலு சதவீதம். வெளியே குளிர் இறங்கிக்கொண்டே போனது.

இதற்குள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வர ஆரம்பித்திருந்தார்கள். காலையில் ஆளுக்கொரு பக்கம் பனி தள்ளுவார்கள். அப்புறம் சமையலறைக்குள் நுழைந்தால் சாயங்காலம்வரை வெளியேறுவதில்லை. ஆர்லிஸ் வாங்கி வைத்திருந்த ஆயிரம் துண்டுக் காற்றாலைப் படத்தை மேஜையில் பரப்பி, துண்டுக்குத் துண்டு பொருத்தியபடி வாதாடுவார்கள்.

"கவர்னர் ஒரு மாநிலத்தையே நடத்தியிருக்கார். உங்க செனட்டர் என்னத்தை நடத்தினார்? டீக்கடையாவது?"

"உங்க கவர்னர் எந்தப் பக்கம் நிக்கிறார்னு பார்க்க இந்தக் காற்றாலையைத்தான் பார்க்கணும்! லானி, அந்த நீலத் துண்டைத் தாங்க."

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, குழம்பு தயார். பெரியவரே, எங்க ரென்ஷாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"யோசிக்கிறேன்" என்பார் வெர்லின். 'ஒரே ஒரு ஓட்டுக்காக ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்! என்ன உழைப்பு, என்ன பக்தி!' என்று நினைக்க நினைக்கக் குற்ற உணர்ச்சி கொன்றது.

திங்கட்கிழமை. மைனஸ் இருபத்தாறு டிகிரி. மத்தியானம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு, சுத்தமான பாதையில் குலுங்கிக் குலுங்கி லாரி உள்ளே வந்தது. டிரைவர் குழாயை மாட்டினான். டாங்கி முள் மூன்றிலிருந்து எண்பதுக்கு ஏறியது.

லாரி சாலையில் திரும்பி மறைகிறவரை வெர்லின் ஊன்றுகோலில் நின்று பார்த்தார். பத்து நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. ஆர்லிஸ் வருவதற்குள் வீடு உறையாது. குழந்தை இன்னும் இரண்டு நாள் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு முள். அதையும் எடுத்துவிட வேண்டும்.

சமையலறைக்குள் போனார். மூன்று பேரும் காற்றாலையின் கடைசி இறக்கையில் இருந்தார்கள். ஸ்பூனால் காபிக் கோப்பையைத் தட்டினார்.

"உங்க மூணு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்கணும்."

மூன்று தலைகள் நிமிர்ந்தன.

"நான் பொய் சொல்லிட்டேன். கால் உடைஞ்சு கிடந்தேன், பனி தள்ள ஆள் இல்லை, பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது. அதுக்காகக் குழப்பத்துல இருக்கிற மாதிரி நடிச்சேன். எத்தனால், வரி, எல்லாம் சும்மா. அக்டோபர்லயே முடிவு பண்ணிட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ராய்ஸ், லானி, உங்களை ஏமாத்தினதுக்கு மன்னிச்சிடுங்க. டார்லா, உனக்கு ரொம்பத் துரோகம் பண்ணிட்டேன்மா. என் ஓட்டு உங்க செனட்டருக்குத்தான். இப்பவே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

ராய்ஸின் கையில் இருந்த துண்டு அந்தரத்தில் நின்றது. லானி குழம்புக் கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடி, திரையை விலக்கி, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். டார்லாவின் முகம் சந்தோஷத்தில் மலரும் என்று எதிர்பார்த்தார் வெர்லின். அது வெளுத்துப்போயிற்று.

அவள் எழுந்து வந்து அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க வெர்லின்! எங்க செனட்டர் பேரைக் கேட்டாலே உங்க முகம் மலர்றது யாருக்குத் தெரியாது? நீங்க எங்க ஆளுன்னு வந்த அன்னிக்கே மூணு பேருக்கும் தெரியும். அதை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தா அடுத்த நிமிஷமே இந்தச் சூட்டுலேர்ந்து கிளப்பி இந்தக் குளிர்ல வீடு வீடா அனுப்பிடுவாங்கன்னுதான் தினமும் உங்க பேருக்கு நேரா 'இன்னும் முடிவாகலை'ன்னு எழுதிக்கிட்டிருக்கோம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஏழு மணி வரைக்கும் முடிவெடுக்காம இருங்க!"