காற்றுக் குடிக்கிற செடி

"மண் போடாதே. தண்ணி ஊத்தாதே, சும்மா தெளி. இது காத்தில சீவிக்கிற செடி."

துறைமுக இஞ்சினியரின் பெண்சாதி, நோனா, ஒரு மரக்கட்டையை முஹம்மது தம்பியின் கையில் வைத்தாள். கட்டையின்மேல் முள்ளு முள்ளாய், நரைத்துப்போய், என்னவோ ஒன்று குந்தியிருந்தது.

"நாங்கள் கொழும்பால வருமட்டும் கவனமாப் பார். செத்தால் என்ட முகத்தில முழிக்காதே. உசிரோட இருந்தால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி ஐயாவோட கதைக்கிறன்."

லீவில் ஊருக்குப் புறப்பட்டு நின்ற குசினிக்கார மாகிரட், கட்டையைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்தாள்.

முஹம்மது தம்பி துறைமுகத்தில் நாட்கூலிக் காவல்காரன். நிரந்தரம், நிரந்தரம் என்று கேட்டே கிழவனாகிவிட்டான். மண்ணில்லாமல் முளைக்கிறது மயிர் ஒன்றுதான் என்பது அவனுடைய கட்சி. ஆனாலும் வேலை நோனாவின் வாயில் அல்லவா இருக்கிறது?

வீட்டில் மனைவி உம்மு குல்சும் மோந்து பார்த்தாள். "இதென்ன, பவுடர் மணக்குது?"

"துரை வீட்டுச் செடி பவுடர் போடாமல் இருக்குமோ?"

படுக்கிற அறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டான். விடிந்ததும் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்க, எனக்கு மூச்சு முட்டுது. இது காத்தைத்தானே குடிக்குது? அறைக்குள்ள ஆர்ட காத்து இருக்கு? என்ட காத்து!"

"வாய மூடு புள்ள."

"மூடினா எப்பிடி மூச்சு விடுற?"

செடி வாசல் நிலைக்கு மேலே போனது. கண்ணூறுக்குக் கற்றாழை கட்டுகிற இடம் அது. பக்கத்து வீட்டுப் பேணாட் அண்ணாந்து பார்த்தான்.

"என்ன முஹம்மது தம்பி, உன்னிலயும் கண் வைக்க ஆள் இருக்கோ?"

"காத்துக்குக் கட்டினனான்."

"மேல வாறது உப்புக் காத்தெல்லோ? கருகிப்போம். கீழ பதிச்சுக் கட்டு."

கேட்டான், மடையன். பதித்துக் கட்டிவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்தால், கோட்டைக்குள்ளிருந்து வந்து தெருத்தெருவாய் மேய்கிற மானொன்று வாசலில் நிற்கிறது. வாயில் கடைசி இலை. முஹம்மது தம்பி ஒரு நுனியைப் பிடித்தான், மான் மறு நுனியைப் பிடித்தது. மான் வென்றது. அரசாங்கத்து மான், அடிக்கவும் ஏலாது.

"கட்டை மிச்சம்," என்றாள் உம்மு குல்சும்.

"என்ட வேலை போச்சுது. நீ பகிடி விடு."

அவள் சந்தைக் கூடையைக் கிளறி ஓர் அன்னாசிப்பழத்தை எடுத்தாள். "இதுட தலையைப் பாருங்க. அப்பிடியே அதுதான்."

தலையைத் திருகிக் கட்டையில் வைத்து, மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் இறுக்கினார்கள். பச்சை கண்ணைக் குத்தியது. அடுப்புச் சாம்பலை அள்ளி இலை இலையாகத் தேய்த்தாள்.

"இப்ப உங்கள மாதிரி நரைச்சிட்டுது."

நோனா வந்திறங்கின அன்றே கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள். அதோடு விட்டாளா?

"மாகிரட், தண்ணி தெளிக்கிற போத்தலைக் கொண்டு வா."

"வேணாம் நோனா! இப்பதான் குளிச்சது!"

தெளித்தாள். சாம்பல் கறுப்புக் கறுப்பாய் ஒழுகியது. இலைகள் பச்சைப் பசேலென்று வெளியே வந்தன. முஹம்மது தம்பி மனதுக்குள் கலிமாச் சொன்னான்.

நோனா கை தட்டினாள். "ஐயாவைக் கூப்பிடுங்கோ! புத்தகத்தில உள்ள மாதிரியே, தண்ணி பட்டதும் பச்சையாகுது!"

ஐயா வந்தார். செடியைப் பார்த்தார், நோனாவைப் பார்த்தார். "சரி, ஆளை நிரந்தரமாக்குவம்," என்றுவிட்டுப் போனார்.

குசினியில் மாகிரட் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். கட்டையில் ஒட்டியிருந்த கறுப்பை விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"சாம்பலோ பூசினீங்கள், முஹம்மது நானா? நான் அன்னாசித் தலைக்குப் பவுடரெல்லோ பூசினனான்!"