லெட்சுமி காலையிலிருந்து கத்துகிறாள்

உடம்பு சரியில்லாத மாடு பெரும்பாலும் கத்தாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அசை போடாமல் ஓரமாய் நிற்கும். ஊரைக் கூட்டிக் கத்துகிற மாட்டின் பிரச்சினையே வேறு. கல்யாணத்துக்கு முன் எனக்குச் சாம்பார் வைக்கச் சொல்லித் தந்தவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையிலிருந்து களக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் பெயர் சுப்புலெட்சுமி. பிறந்த வீட்டில் லெட்சுமி என்பார்கள். புகுந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு லெட்சுமி இருந்தாள். செவலை நிறம், ஜெர்சிக் கலப்பு. மூத்தவளுக்கு மரியாதை கொடுத்து நான் சுப்பு ஆனேன்.

அந்த வருஷம் தசராவுக்கு மாமனார், மாமியார், நேர்ச்சைக்கு வேடம் கட்டிய என் கணவர், எல்லோரும் குலசைக் கோவிலுக்குப் போய்விட்டார்கள். மாட்டுக்குக் காவல் நான். (மாட்டை எனக்குக் காவலாக வைத்ததாகவும் ஒரு கட்சி உண்டு.)

மறுநாள் விடிந்ததிலிருந்து லெட்சுமி கத்தத் தொடங்கினாள். வைக்கோலைத் தொடவில்லை. கறக்க வந்தவர் பால் பாதிதான் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். வாலைத் தூக்கித் தூக்கி நின்றாள். பின்பக்கம் கண்ணாடி நூல் போல ஏதோ வழிந்தது. உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வாழைப்பழம் கொடுத்தேன். கடைசியில் நெற்றியில் திருநீறும் பூசினேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது, என் முதுகில் தாடையை வைத்து மெல்லச் சாய்ந்தாள். விடைபெறுகிறாள் என்று நினைத்து அழுதேன். அடுத்து முன்னங்கால்களைத் தூக்கி என்மேல் ஏறப் பார்த்தாள். அதை வலிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாட்டாஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பலசரக்குக் கடைக்குப் போன் போட்டேன். எங்களுக்குச் செய்தி வருவது அந்தக் கடை வழியாகத்தான். லைனில் ஒரே இரைச்சல்.

“அண்ணாச்சி, களக்காட்டுலருந்து பேசுதேன். எதுத்த வீட்ல சொல்லுங்க. லெட்சுமி காலையிலருந்து கத்திக்கிட்டே கெடக்கா. சோறு தண்ணி தொடல. உடனே டாக்டரக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க!”

மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துப் பயந்து போனை வைத்துவிட்டேன். பேசுவது யார் என்றோ, எந்த லெட்சுமி என்றோ சொல்லவில்லை.

மத்தியானம் குலசைக்குப் போனவர்கள் வந்து இறங்கினார்கள். மாமியார் தெருமுனையிலேயே காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஏட்டி, அது காளைக்குக் கத்துது. சினை ஊசி போடுதவருக்குச் சொல்லிவிடணும்.”

வெட்கத்தில் எனக்குக் காது சிவந்தது. டாக்டரைக் கூப்பிட்ட கதையைச் சொல்ல வாய் வரவில்லை. மேலெல்லாம் மாட்டு எச்சில் என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டேன்.

தலையில் தண்ணீர் ஊற்றியபோது வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். கூட என் தாய்மாமாவும், எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மாவும்.

“மதினி, லெட்சுமி எங்க?” என்று மாமியாரிடம் கேட்டார்.

“உங்களுக்கு யாரு சொன்னா அண்ணாச்சி? ஒண்ணும் பயமில்ல. பின்னால கட்டிப் போட்டிருக்கு.”

“கட்டிப் போட்டிருக்கீயளா!” இது தாய்மாமா.

“கட்டலன்னா தெருவுல ஓடிருமே.”

நர்ஸம்மா குறுக்கே புகுந்தார். “எத்தன மாசம்?”

“மாசம் எங்க? அதுக்குத்தான் கத்துது. மூணு வாரத்துக்கு ஒருக்கா இதே பாடுதான். ரெண்டு தடவ ஊசி போட்டும் நிக்கல. இந்தத் தடவயும் நிக்கலன்னா வித்துருவோம்னு இவன் அப்பா சொல்லுதாவ.”

என் கணவர் முகத்தில் பாதி அழிந்த நீலச் சாயத்தோடு நின்றிருக்கிறார். தாய்மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, “மாமா! மாடு! மாடு!” என்று கத்தினேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவர் முதலில் நினைத்தாராம்.

நல்லவேளையாக, பின்னாலிருந்து அசல் லெட்சுமி தன் தரப்பைச் சொன்னாள்.

எல்லோரும் தொழுவத்துக்குப் போனார்கள். நர்ஸம்மா மட்டும் கடமை தவறாமல் மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஊசி போடுகிறவர் சைக்கிளில் குடுவையோடு வந்து சேர்ந்தார். ஆண்கள் தென்னை மரத்தில் காய் எண்ணுவது போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா மாமியாரிடம் கைகூப்பினார். “மன்னிச்சிருங்க மதினி. வழியெல்லாம் கண்டதையும் நெனச்சுட்டு வந்தேன்.” அன்றோடு இந்த வீட்டில் என் பெயர் கெட்டது என்றே நினைத்தேன்.

மாமியார் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இதுல என்ன அண்ணாச்சி. நான் இந்த வீட்டுல எத்தனையோ நாளு கத்தியிருக்கேன். ஒரு வேனும் வரல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சுப்பு, அரிசிய நாலு ஆழாக்கு கூடப் போடு. சாப்பிட்டுப் போவட்டும்.”

அந்தத் தடவை சினை நின்றது. ஒன்பது மாதம் கழித்துக் கிடேரிக் கன்று பிறந்தது. களக்காட்டிலும் பாளையங்கோட்டையிலும் அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தச் சேதி சொன்னாலும், சந்தோஷப்படுவதற்கும் அழுவதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்.

போன மாதம் என் மகள் சென்னையிலிருந்து, பூனைகூட வளர்க்க விடாத அடுக்குமாடி வீட்டிலிருந்து, போனில் பேசினாள். “அம்மா, ஒரு நல்ல சேதி. மாசமா இருக்கு.”

நான் கேட்டேன்: “ரெண்டு காலா, நாலு காலா?”