மானேஜர் சம்பளம்

இனிமேல் மூக்குப்பொடிக்குக்கூட மனைவியிடம் கை நீட்டுவதில்லை என்று ரசலையன் முடிவு செய்தார். சாய்வு நாற்காலியில் படுத்து, வேளிமலைமேல் மேகங்கள் கூடுவதையும் கலைவதையும் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு. அவருடைய முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். பெரும்பாலும் அங்கேயே கலைந்தும் போகும்.

இந்த முடிவுக்கு மட்டும் சர்க்காரே துணைக்கு வந்தது. மனைவி நேசபாய் வீட்டிலேயே லேஸ் பின்னும் தொழில் நடத்தினாள். மிஷன் பள்ளியில் வெள்ளைக்கார மதாம்மாவிடம் கற்றது. இப்போது பதினெட்டுப் பெண்கள் நடு அறையில் உட்கார்ந்து பின்னினார்கள்; மேசைவிரிப்புகள் கப்பலேறி லண்டன் போயின. கப்பல் புறப்பட்ட வேகத்திலேயே திருவிதாங்கூர் வருமான வரி நோட்டீஸ் வந்தது. கேட்ட வரியைக் கட்டினால் நாலு பெண்களை நிறுத்த வேண்டிவரும். நேசபாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தக்கலைத் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா யோவான், ரசலையனிடம் ரகசியம் சொன்னார்.

"நூலு, விளக்கெண்ணெய், கூலி, தொழிலுக்குன்னு ஒதுக்கின அறை, எல்லாத்தையும் வருமானத்தில கழிக்கலாம் அண்ணே. மானேஜர் உண்டும்னா அவருக்க சம்பளத்தையும் கழிக்கலாம்."

மானேஜர்! ரசலையன் தக்கலையிலிருந்து வீடுவரை தரையில் கால் பாவாமல் வந்தார். கறுப்புக் கோட்டு; சங்கிலி கோத்த கடிகாரம்; பதினெட்டுப் பெண்களும் எழுந்து நிற்கிறார்கள். 'மகா கனம் பொருந்திய மானேஜர் அவர்களுக்கு' என்று லண்டன் துரை கடிதம் எழுதுகிறான். வானமே ஒரு பெரிய லேஸாக அவர் தலைக்குமேல் விரிந்து கிடந்தது.

"ஏட்டி நேசம், கணக்கில என்னை மானேஜருன்னு எழுது. மாசம் முப்பது ரூவா. வரி பாதியாக் கொறஞ்சிரும்."

"வரிக்காரன் போன வருசத்துக் கணக்குல்லா கேக்கான்? போன வருசம் என்ன வேலை பாத்திய?"

"மேற்பார்வை."

"அது சரிதான். வருசம் பூரா மேலதான பாத்துக்கிட்டுக் கெடந்திய!"

"கேலி பண்ணாத. எழுதுவியா, மாட்டியா?"

"கோயிலுக்குப் போறவ பொய்க்கணக்கு எழுதுவாளா?"

"பொய் என்னட்டி? நான் இந்த வீட்டில இல்லியா?"

நேசபாய் நூலைப் பல்லால் கடித்தாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"சரி. எழுதுதேன்."

இத்தனை சீக்கிரம் அவள் எதற்குமே சம்மதித்ததில்லை. ரசலையன் அதை யோசித்திருக்கலாம். ஆனால் அவர் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தானா, கொம்புப் பொத்தானா என்பதில் மூழ்கியிருந்தார்.

அடுத்த வாரம் வரி அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். நூல் கட்டுகளை எண்ணினார், அறையை அளந்தார், கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மானேஜர் யாரு?"

"நானாக்கும்." கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் ரசலையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வருசத்துக்கு முந்நூத்தறுபது ரூவா. பூராவும் வாங்கிக் கைப்பற்றினீரா?"

ரசலையன் மனைவியைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

"கைப்பற்றினேன்."

"அப்படின்னா இதில ஒரு ஒப்புப் போடும்."

போட்டார். வாழ்நாளில் அத்தனை அழகாக அவர் கையெழுத்துப் போட்டதில்லை. வால் நீண்டு, சுழன்று, லேஸ்போலவே முடிந்தது. அதன்கீழ் 'மானேஜர்' என்றும் எழுதினார். அதிகாரி சம்பளத்தைக் கழித்தார். வரி பாதியாகக் குறைந்தது. வேலை தப்பிய நாலு பெண்களும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ரசலையனுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் விடிந்ததும் நேசபாய் அவரைத் தட்டி எழுப்பினாள். நாற்காலியைச் சுற்றி நூல் கட்டுகள் குவிந்திருந்தன.

"இதெல்லாம் சுத்தணும். பொறவு பார்சலைத் தபாலாபீசில சேக்கணும். கெணத்தில தண்ணி கோரணும்."

"மானேஜரா தண்ணி கோருவான்?"

"பதினெட்டுப் பேருக்குக் குடிக்க வேண்டாமா? அதுவும் தொழில்தான்."

"சரி. முதல்ல சம்பளத்தை எடு."

நேசபாய் கணக்குப் புத்தகத்தை விரித்து, அந்த அழகான கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எழுதின கணக்கு மெய்யாக வேண்டாமா? ஒரு வருசச் சம்பளம் பூராவும் வாங்கியாச்சு மானேஜரே. வேலைதான் பாக்கி."