அரிசிப் பையோடு மலையேறிய காரணம்

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ,
11.06.1996

பெருமதிப்புக்குரிய மாமா இராஜநாயகம் அவர்கட்கு,

வலன்ரைன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். எல்லாரும் முதல் வரியில் பழக்கத்துக்கு இதை எழுதுவார்கள், நான் இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன், தயவுசெய்து திரும்பவும் ஒருக்கால் வாசியுங்கள். நீங்களும் மாமியும் எமிலியானாவும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. "தம்பிக்கு ஏதோ பெரிய நோய், வருத்தம் என்று கேள்விப்பட்டோம், கலியாணப் பேச்சைக் கொஞ்சம் ஆறப்போடுவோம்" என்று எழுதியிருந்தீர்கள். வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் வருத்தத்தோடு சேர்த்து யாரும் அங்கே அறிவித்துவிடக் கூடாது. கதையை ஊருக்கு அனுப்பியவர் என் அறையில் இருக்கும் கிறிகோரி அண்ணன். ஆள் கெட்டவர் இல்லை, ஆனால் ரெலிபோன் கார்ட்டில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

நடந்தது இதுதான். நான் வேலை செய்யும் வீடு இங்கே கால்சா என்ற பகுதியில். வீட்டுக்காரம்மா சிஞ்ஞோரா அகாத்தா பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவ, வயது அறுபத்தேழு, புருஷன் போன வருஷம் காலமானார். மொறோக்கோவில் அற்லஸ் மலைக்குப் போகவென்று அந்த மனுஷன் ஒரு வரைபடம் வாங்கி, இருபது வருஷமாய் அலுமாரியில் வைத்திருந்தாராம். அவர் போகாத மலைக்குத் தான் போகவேண்டும் என்று சிஞ்ஞோரா ஒற்றைக்காலில் நிற்கிறா. ஏழு நாள் நடை, ஒரு வழிகாட்டி, பேர்பர் ஆட்களின் கிராமங்களில் படுக்கை, கடைசியில் நாலாயிரம் மீற்றருக்கு மேலே ஒரு சிகரம். தனியே போகப் பயம், என்னையும் வா என்றா. கணவரின் சப்பாத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அழுதா. நான் ஓம் என்றேன். மன்னாரில் பிறந்தவனுக்கு மலை எங்கே தெரியும் மாமா, அதுவரை நான் ஏறிய உயரமான இடம் கோயில் மணிக்கோபுரம்.

வழிகாட்டி பிரெஞ்சில் ஃபாக்ஸ் அனுப்புவார். கீழ்வீட்டில் வேலைசெய்யும் மொறீசியஸ்காரி பிரிசிலா வாசித்துச் சொல்லுவா. (பிரிசிலா கலியாணம் முடித்தவ, இரண்டு பிள்ளைகள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) பொதிகளைக் கோவேறு கழுதை சுமக்கும் என்று முதல் ஃபாக்ஸ் வந்தது. கழுதையை நம்பச்சொல்லி மன்னாரானுக்கு எழுதுகிறார். எங்கடை கழுதையள் றோட்டிலை நிண்டால் பஸ்சே காத்து நிக்கும், அங்கை மலை விளிம்பிலை நிண்டால் ஆர் தள்ளுறது? கழுதை நின்றுவிட்டால் என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுதுவித்தேன். "நாங்களும் குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்போம்" என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் அந்த மனுஷனில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இரண்டாவது ஃபாக்ஸில்தான் வினை. வருமுன் இரண்டு மாதம் முதுகில் பாரத்தோடு ஏதாவதொரு மலை ஏறிப் பழகவேண்டுமாம். பலெர்மோவில் இருப்பது மொந்தே பெல்லெக்ரீனோ மலை, அதன் மேலே சாந்தா றொசாலியா குகைக்கோயில். எங்கள் ஆட்கள், வேதக்காரரும் சைவக்காரரும், நேர்த்திக்கடன் வைத்தால்தான் அங்கே நடந்து ஏறுவார்கள். வேறு காரணத்துக்கு ஒரு தமிழன் அந்த மலையில் கால் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் பதினைந்து கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்பத்துநாலாம் நம்பர் சப்பாத்துக்குள் என் நாற்பத்தோராம் நம்பர் காலை விட்டுக்கொண்டு ஏறினேன். பாதிவழியில் செபக்கூட்டம் நடத்தும் அற்புதமலர் அக்கா எதிரே வந்தா.

"தம்பி, என்ன இது? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. பழகுறன்."

"என்னத்துக்கு?"

"மலை ஏற."

"இப்ப மலைதானே ஏறுறியள்?"

"இது வேறை, அது வேறை அக்கா."

"அப்ப இந்த அரிசி?"

"பாரத்துக்கு."

அக்கா, "சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ ராசா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனா. அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி, "தன் நோயை வெளியே சொல்லாமல் சுமக்கும் ஒரு சகோதரனுக்காக மன்றாடுவோம்" என்றார். ஆரோ பாவம் என்று நானும் முழங்காலில் நின்று உருக்கமாக மன்றாடினேன். நிமிர்ந்து பார்த்தால் முழுக்கோயிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு நாளொரு சூப் வருகிறது. கிறிகோரி அண்ணன் தன் கீழ்க்கட்டிலை எனக்குத் தந்துவிட்டு மேலே ஏறிப் படுக்கிறார், அவருக்கு முழங்கால் ஏலாது. இந்த நகரத்தில் எனக்கு இவ்வளவு பேர் இருக்கினம் எண்டு நினைக்க அழுகை வந்தது மாமா. ஆனால் அந்த அன்பாலேயே எனக்கும் எமிலியானாவுக்கும் பேசின கலியாணம் குழம்பினால் நான் ஆரிட்டைப் போய் முறையிடுறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெறுங்காலோடு ஏறுவதாகவும் கேள்விப்பட்டீர்களாம். உண்மை. சப்பாத்துக் கடித்துக் கொப்புளம், அவ்வளவுதான். நேர்த்தியும் இல்லை, வருத்தமும் இல்லை. வழிகாட்டி கேட்டபடியால் டொக்டரிடம் சேர்ட்டிபிக்கற் எடுத்தேன், பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலாயிரம் மீற்றர் ஏறக்கூடிய நெஞ்சு என்று அதில் எழுதியிருக்கிறது. இத்தாலி மொழியில் இருப்பதால், உரோமையில் படித்த சுவாமி யாரிடமாவது காட்டி வாசிப்பியுங்கள். இப்படி எழுத்தில் நெஞ்சைக் காட்டிய மாப்பிள்ளை எங்கள் ஊர் பேசாலையில் வேறு இல்லை.

மாமிக்கு என் வணக்கம். எமிலியானாவுக்கும் சுகம் சொல்லுங்கள். உங்கள் ஆசீருக்கும் நல்ல பதிலுக்கும் காத்திருக்கும்,

பணிவுள்ள,
வலன்ரைன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைத் திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். மாதாவின் பெயர் எழுதிய கடிதத்தில் பொய் ஒன்றை விட்டு அனுப்ப மனம் வரவில்லை. வருத்தம் இல்லை என்றது சத்தியம். நேர்த்தி இல்லை என்றது பொய். நீங்கள் ஓம் சொல்லவேண்டும் என்று ஒன்பது ஞாயிறு வெறுங்காலோடு ஏறுவதாகச் சாந்தா றொசாலியாவிடம் சொல்லிவிட்டேன். கிழமை நாள்களில் சப்பாத்தோடு ஏறியது சிஞ்ஞோராவுக்கு. ஞாயிறுகளில் ஏறியது எமிலியானாவுக்கு. ஏழு முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு இருக்கிறது மாமா.