வாங்கன்னு சொல்லாத வீடு

முதுகுளத்தூர்,
24.5.2009

இராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேனேஜராக இருந்துவரும் மைத்துனன் சேதுராமனுக்கு, அக்கா வீட்டுக்காரன் மலையாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா பிச்சையம்மாள், மகள் உமையாள், ஆடுகள் ஏழு, யாவரும் நலம். உன் நலமும் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அனைவர் நலமும் அறிய ஆவல். போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவாய் என்று உன் அக்கா சொன்னதால் இக்கடிதம்.

நிற்க. லாட்ஜில் தங்கிய வெள்ளைக்காரப் பெண் விட்டுப்போனது, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் வளரட்டும் என்று உமையாளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினாயே, அதை ஒரு தரமாவது புரட்டிப் பார்த்தாயா? இளவட்டங்களுக்காகப் பதினஞ்சு பேர் எழுதின பதினஞ்சு கதை. அத்தனையும் ரத்தக் காட்டேரி. அதுவும் நம்ம ஊர்க் காட்டேரி மாதிரி புளியமரத்துல கெடக்காது. இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாருன தலையுமா ராத்திரிப் பள்ளிக்கூடம் போகுது.

வீட்டை ஒட்டின களத்துல மிளகாய்க்குக் காம்பு கிள்ள வந்த பொம்பளைகளுக்கு உமையா இதைத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சா. மொத நாள் சத்தம் போட்டேன். ரெண்டாம் நாள் ஆட்டைத் தேடுற மாதிரி பக்கத்துல நின்னேன். மூணாம் நாள் நானும் உக்காந்து காம்பு கிள்ளுனேன். ஒரு கதையில பூண்டைக் கண்டா ஓடுது, அடுத்த கதையில அதுவே பூண்டு உரிச்சுக் குடுக்குது. பதினஞ்சு பேரும் ஓரிடத்துல கூடிப் பேசி முடிவு பண்ணிருக்கக் கூடாதா? ஒரு பயலுக்கு இருநூறு வயசாம், இன்னமும் பிளஸ் டூ படிக்கிறானாம். "அவனை இருநூறு வருசமாப் படிக்க வைக்கிறாக, என்னைய அஞ்சாப்போட நிறுத்திப்புட்டாகளே"ன்னா, காம்பு கிள்ள வந்த ராக்கு. களமே சிரிச்சுச்சு. உமையா மட்டும் சிரிக்கல. நீ சம்பந்தம் பேசிட்டதால அவ வாங்கி வச்ச, மதுரைக் காலேஜுல சேர்ற பாரம் கையெழுத்து இல்லாமக் கெடக்குல்ல, அதான்.

ரெண்டு விசயத்துல மட்டும் பதினஞ்சு பேரும் ஒத்துப்போறாக. காட்டேரி வெயில்ல வராது. வீட்டுக்காரக வாயத் தெறந்து "வாங்க"ன்னு சொன்னாத்தான் வாசப்படி தாண்டும். கேட்டதும் உங்கக்காவுக்கு வேர்த்துப்போச்சு. நம்ம பக்கம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வந்தாலும் "வாங்க"ன்னுட்டுத்தானே மூஞ்சியத் திருப்புவோம்? "அப்ப இங்கன ஒண்ணு வந்தா ஒரே நாள்ல ஊரை முடிச்சுட்டுப் போயிருமே"ன்னா. அன்னையிலருந்து பொம்பளைக வாயக் கட்டிட்டாக. உங்க சின்னத்தா வந்து வாசல்லயே நின்னு பாத்துட்டு, அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் போயிருச்சு.

இந்த லட்சணத்துலதான் போன வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, நீ பாத்த சாயல்குடிக்காரக ஒரு வேன் நெறைய வந்து பொண்ணு பாக்க எறங்குனாக. பையன் பவுடர் பூசி வெளேர்னு இருந்தான். வீட்டுத் தலைவன் நாந்தேன் மொதல்ல "வாங்க"ன்னு சொல்லணும். கும்பிட்டேன். வார்த்தை வரல. நான் சொல்லாம உங்கக்கா எப்படிச் சொல்லுவா? அவ என்னையப் பாக்குறா, நான் வேனைப் பாக்குறேன். பழத்தட்டும் பூவுமா நிக்கிறாக, வேர்வை ஊத்துது. பையனோட அய்யா செருமுனாரு. நானும் செருமுனேன். களத்துலருந்து ராக்கு, "சொல்லிறாதீக அண்ணே"ன்னு கத்துறா. கடைசியில அவரு, "கூப்பிடாத வீட்டுல நாங்க கால் வைக்க மாட்டோம்"னு எல்லாரையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.

"பாத்தீகளா, கூப்பிடலைன்னா உள்ள வர முடியல"ன்னா ராக்கு.

உங்கக்கா மூணு நாளா எனக்குச் சோறு மட்டுந்தான் போடுறா, பேச்சு இல்ல. இன்னைக்கித்தான் இந்தக் கடிதத்துக்காக வாயத் தெறந்தா. சம்பந்தமும் உன்னுது, அதைக் கெடுத்த புத்தகமும் உன்னுது. ஆகையால் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, சாயல்குடிக்காரர்களைக் கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் செய்து, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடவும். உன் லாட்ஜில் எல்லா அறையும் நிறைந்திருக்க ராமலிங்கசாமி அருள்வாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
மலையாண்டி

பி.கு.: மேல உள்ளதை உங்கக்காவுக்கு வாசிச்சுக் காட்டிட்டேன். இது அவ அடுப்படிக்குப் போனதுக்கப்பறம் எழுதுறது. ஏலே சேது, கத்திரி வெயில்ல, பகல் பதினோரு மணிக்குக் காட்டேரி வராதுன்னு எனக்குத் தெரியாதா? பதினஞ்சு கதையும் கேட்டவன்டா. அவக வர்றதுக்கு முந்துன நாள் பையனோட அய்யா போன்ல, "காலேஜு கீலேஜுன்னு இனிமே பேச்சே கூடாது"ன்னாரு. உமையா கண்ணத் தொடச்சுக்கிட்டு, "மிளகா நெடிய்யா"ன்னா. களத்துலயே வளந்த பிள்ளைக்கு என்னடா நெடி? அதான் வாயத் தெறக்கல. பாரத்துல கையெழுத்துப் போட்டாச்சு. நீ சாயல்குடிக்குப் போக வேண்டாம், நேரா இங்கன வந்து பிள்ளையை மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. புத்தகத்தைக் கேக்காத, உமையா கெளம்புறதுக்குள்ள ராக்கு ரெண்டாந்தரம் சொல்லச் சொல்லிருக்கா. வந்தா வாசல்ல நின்னுக்கிட்டு இருக்காத. உன்னைய இப்பவே கூப்பிட்டுட்டேன்.