இந்திராநகரில் நான் திறந்துவைத்த ஓட்டல்

மனைவிக்கு வழி தெரிந்து தனக்குத் தெரியாத ஊரில் எந்தக் கணவனாலும் பெருந்தன்மையாக இருக்க முடியாது. இதை நான் பெங்களூரில் கண்டுபிடித்தேன்.

ஜாஸ்மினுக்கு அங்கே வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் மார்த்தாண்டத்தில் பெயிண்ட் கடையைப் பூட்டிவிட்டுப் போன் செய்தால், அந்தப் பக்கம் எப்போதும் வண்டிச் சத்தமும் சிரிப்பும் கேட்கும்.

"ஏட்டி, எங்க நிக்க?"

"சும்மா நடக்கோம்."

'நடக்கேன்' என்றிருந்தால் தூங்கியிருப்பேன். 'நடக்கோம்' என்றால் யார் யார்? (நானும் அவளும் சேர்ந்து நடந்தது ஒரே ஒரு தடவை. அவள் ஊரான கருங்கல்லில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டபோது.)

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனேன். யார் யார் என்பது முதல் நாள் மாலையே தெரிந்தது. ஒருத்தி ரேவதி, அறைத் தோழி, மதுரைக்காரி. இன்னொருவன் நிதின், திருச்சூர்க்காரன், ஜாஸ்மினோடு ஒரே ஆபீஸ். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். நால்வரும் இந்திராநகரில் நடந்தோம். எந்தச் சந்தில் எது ருசி என்று நிதினுக்குத் தெரிந்திருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு டீக்கடையில், ஜாஸ்மின் வாயைத் திறப்பதற்கு முன்பே, கடைக்காரர் அவளுக்குச் சர்க்கரை போடாத டீயை நீட்டினார். அவள் சர்க்கரையை விட்டதே எனக்குத் தெரியாது. அன்று இரவு நிதினோடு சேர்த்து அந்த டீக்கடைக்காரர் மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் மாலை அறிவித்தேன்: "இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். யாரும் போனைப் பாக்காண்டாம்."

"உங்களுக்கு இங்க என்ன தெரியும்?" என்றாள் ஜாஸ்மின்.

"மிண்டாம வா" என்று அவள் வாயை அடைத்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. வளைந்து வளைந்து நடந்ததில் ரேவதியின் செருப்பு அறுந்தது. அப்போதுதான் கர்த்தர் காட்டியதுபோல ஒரு மொட்டை மாடி தெரிந்தது. மாடி முழுக்கச் சீரியல் விளக்கு, பாட்டு, பிரியாணி வாசம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.

"சேட்டா, இது ஓட்டல் தானா? போர்டு இல்லையே" என்றான் நிதின்.

"புதுசா தொறந்திருக்கான். வாழை கட்டியிருக்குல்லா? போர்டு பின்ன வரும்."

மேலே போனதும் பன்னீர் தெளித்துக் கல்கண்டு கொடுத்தார்கள். ஓரத்தில் சோபாவில் மாலையோடு ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்ட சீரியல் நடிகர்கள் என்று நிதினுக்கு விளக்கினேன்.

வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் ஓடிவந்து, தமிழிலேயே வரவேற்று எங்களை உட்காரவைத்தார். அப்படி ஒரு சர்வரை நான் கண்டதில்லை. "அண்ணே, தண்ணி வரல்ல" என்றதும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு அவரே கொண்டுவந்தார். "அப்பளம்?" என்றேன். ஓடினார்.

"பாத்தியா நிதின்? ஆளப் பாத்துதான் கவனிப்பானுவ."

"பிரியாணி கலக்கி, சேட்டா" என்றான் நிதின்.

"ஆமா, சூப்பர்" என்றாள் ஜாஸ்மின்.

அவன் சொன்னதற்கு அவள் ஆமாம் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. துண்டுக்காரரைக் கூப்பிட்டேன். "உப்பு பத்தல்ல. இங்க பெரிய ஆளு யாரு? நான் பேசணும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. போய், பட்டு வேட்டி கட்டிய ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"என்ன குறை உங்களுக்கு?" என்றார் பட்டு வேட்டி.

"உப்பு கொறவு. மெனு கார்டும் வைக்கல்ல. பில்லாவது சீக்கிரம் கொண்டாரச் சொல்லும்."

அவர் துண்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு வீட்டு ஆளுங்களா இவங்க?"

"இல்லையே சம்பந்தி. உங்க பக்கத்து ஆளுங்கன்னுல்ல நான் பயந்து பயந்து பரிமாறுனேன்."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். சோபாவிலிருந்த சீரியல் நடிகை எழுந்து நின்று பார்த்தாள். "நாங்க சாப்பிட வந்தோம்" என்றேன்.

ஜாஸ்மின் எழுந்தாள். கை கூப்பிக்கொண்டு, சுற்றி நின்று கன்னடத்தில் முணுமுணுத்த பெண்களிடம் கன்னடத்திலேயே பேசினாள். (அவளுக்குக் கன்னடம் வரும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.) என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள், என்ன என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. முதலில் பெண்ணின் அம்மா சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது. துண்டுக்காரர், அதாவது பெண்ணின் அப்பா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நிச்சயதார்த்தமே நின்னுடுமோன்னு ஆடிப்போயிட்டேன் தம்பி. உப்பு நெசமாவே கம்மியா?"

"செரியாத்தான் இருக்கு" என்றேன். ஐஸ்கிரீம் சாப்பிடாமல் எங்களை அனுப்ப மறுத்துவிட்டார்.

திரும்பும்போது மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். ஜாஸ்மின் கேட்டாள்: "எதுக்கு இப்பிடிச் செய்திய?"

"நான் இல்லாம நீ இங்க நல்லா இருக்க."

"நல்லாத்தான் இருக்கேன். நீங்களும் கூட நடந்தா இன்னும் நல்லா இருக்கும். கேக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அன்று நடந்த தூரம் எனக்கு நினைவில்லை. அவள் வழி சொன்னாள்; நான் நடந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு ஜாஸ்மினுக்கும் ரேவதிக்கும் நிதினுக்கும் பத்திரிகை வந்தது. எனக்குத் தனியாக வரவில்லை. கல்யாண வீடியோவில் நிதின் பந்தியில் நின்று அப்பளம் போடுகிறான், சொந்தக்காரன் மாதிரி.

கருங்கல்லில் மச்சான்மார் எந்த விசேஷத்திலும் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே "சர்வர், பில்லு" என்று கூப்பிடுவார்கள். அதுகூடப் பழகிவிட்டது. போன மாதம் எங்கள் மகளின் ஞானஸ்நான விருந்துக்கு நிதின் வந்திருந்தான். நான் அவனுக்குப் பிரியாணி வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டி, "உப்பு பத்தல்ல, சேட்டா. இங்கே பெரிய ஆளு யாரு?" என்றான்.

ஜாஸ்மின் கையைத் தூக்கினாள்.