ஒரே பட்டியல், மூன்று பெரட்டு

அன்பு மகன் சசிதரனுக்கு, அரவேணுவிலிருந்து பெரியப்பா தங்கையா எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் உன் தங்கை பிரியாவும் சுகம். மழையும் சுகமாகப் பெய்கிறது. பச்சைத் தேயிலை விலை மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. எஸ்டேட்டில் பெரியம்மாவுக்குப் பாதி வாரம்தான் வேலை. போனைத் தொடப் பயந்து கடிதமாக எழுதுகிறேன்.

நீ லீவில் வந்து வைத்துவிட்டுப் போன லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பற்றி வருத்தம். வருத்தம் அதன்மேல் அல்ல, என்மேல். எங்கள் மூவருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்துகொடுத்து, “புது மென்பொருள் வந்திருக்கான்னு அப்பப்ப பாருங்க பெரியப்பா” என்று சொல்லி, நிர்வாகியின் கடவுச்சொல்லை மட்டும் உன்னோடு பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டாய். அதைப் பார்த்துச் சொல்லும் நிரலுக்குப் பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர். மேனேஜர் என்றால் காலையில் முகம் காட்ட வேண்டாமா? எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலமெல்லாம், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் எடுக்கும் பெரட்டில் ஒருவருக்காக இன்னொருவர் பெயர் கொடுக்க நான் விட்டதில்லை. ஆகவே மூவரும் வரிசையாக உட்கார்ந்து, அவரவர் கணக்கில் நுழைந்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தினமும் கேட்டோம். “ஏனுங்க, பால் பொங்குது. எனக்கும் சேத்து நீங்களே கேட்டுப்போடுங்க” என்றாள் உன் பெரியம்மா. “பெரட்டுன்னா பெரட்டுதான் தெய்வம்மா” என்றேன். பால் வழிந்தது. மென்பொருள்கள் வந்திருந்தன, பார்க்கலாம், தொடக் கூடாது. எஸ்டேட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான்.

போன திங்கட்கிழமை ஓசூர் கம்பெனி ஒன்று பிரியாவை வீடியோவில் நேர்காணல் செய்தது. பாதியில் அறுந்துபோனது. கம்ப்யூட்டருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் போன் நெட்தான் என்பதால், எங்கள் பெரட்டே அதைத் தீர்த்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்து, கோத்தகிரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆறுமுகசாமியிடம் போனேன்.

“அதிகாரமில்லாத ஆளு கேட்டா கம்ப்யூட்டரோட பொதுக் கிடங்குல அந்த மேனேஜர் கை வெக்க விடாதுங்கய்யா. ஆளாளுக்கு மென்பொருள் பட்டியல நெட்டுலருந்து முழுசா இறக்கி, அவங்கவங்க கிடங்குல தனியா வெச்சுக்கும். பழசானா மறுபடியும் இறக்கும். ஒரே பட்டியல மூணு பேரும் தனித்தனியாத் தின்னிருக்கீங்க!”

“நான் இறக்குனத அவங்க பாத்துக்கக் கூடாதுங்களா?”

“அடுத்தவன் எழுதி வெச்சத நம்பி எடுத்தா வில்லங்கம் வராதுங்களா?”

நியாயம்தான். பெரட்டில் நான் சொல்லி வந்ததும் அதுவே. ஆனால் அந்த நியாயம் என் மகளின் வேலையைத் தின்றுவிட்டதே என்றுதான் சோறு இறங்கவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. இனி எங்கள் மூவர் சார்பாகவும் நீயே நிர்வாகியாக அங்கிருந்து ஒருமுறை கேட்டுச் சொல். அல்லது கடவுச்சொல்லை அனுப்பு. என்னை மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிட்டு, நல்லவர்களோடு பழகி, நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
பெரியப்பா தங்கையா

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிரியா இதைப் படித்துவிட்டாள். “நெட்டெல்லாம் இருந்துச்சுங்கப்பா. நாந்தான் கட் பண்ணுனேன்” என்கிறாள். அடுத்த மாதமே ஓசூரில் வந்து தங்க முடியுமா என்று கேட்டார்களாம். அந்த நேரம் பார்த்து, வேலையில்லாமல் வீட்டிலிருந்த நாங்கள் இருவரும் கதவோரம் நின்றது கண்ணில் பட்டதாம். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுகிறார்கள். கடவுச்சொல்லுக்கு அவசரமில்லை. கடிதம் கண்டதும் அவளுக்குப் போன் செய்து, போகச் சொல். நானும் சொல்லிப் பார்த்தேன். ‘போ’ என்று தொடங்கியது, ‘போய்ச் சாப்பிடு’ என்று முடிந்துவிட்டது.